நடிகர்களை நான் சொல்கிறேன், பாத்திரத்தை நீங்கள் சொல்லுங்கள்: வீட்டில் கூடி விளையாட ஒரு முழு வழிகாட்டி

கே. ஆர். விஜயா, சமந்தா, எம். எஸ். சுப்புலட்சுமி. இந்த மூன்று பேரும் திரையில் ஒரே பெண்ணாக நடித்திருக்கிறார்கள். யார் அந்தப் பெண்?

உடனே விடை தெரிந்தவர்கள் கொஞ்சம் மனசுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன். விளையாட்டு இவ்வளவுதான். ஒரு கதாபாத்திரத்தில் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு மொழியில் நடித்தவர்களின் பெயர்களை ஒரு கார்டில் எழுதிவைத்துக்கொண்டு ஒருவர் ஒவ்வொன்றாகச் சொல்வார், மற்றவர்கள் அந்தப் பாத்திரம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத் தக்கலை வீட்டில் எல்லோரும் கூடும்போது இதை விளையாடுவோம், ஆனி ஆடி மழையில் கரண்ட் போனாலும் இதுதான். பல வருஷம் நடத்தியதில் எது நன்றாக வருகிறது, எங்கே சண்டை வருகிறது என்பதெல்லாம் தெரிந்துவிட்டது, அதை முழுசாக எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த விளையாட்டில் ஒரு வசதி உண்டு. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரோடு இருந்தவர்கள், இன்றைக்கும் விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வீடுகளில் மலையாளப் படமும் தமிழ்ப் படமும் ஒரே டிவியில் ஓடுகிறது. இரண்டு மொழிப் படமும் பார்த்த ஆட்கள் ஒரே திண்ணையில் உட்கார்ந்தால் கேள்விகளின் எல்லை எங்கேயோ போய்விடும்.

முதல் படி: பாத்திரத்தைத் தேர்ந்தெடுப்பது

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். மோசமான பாத்திரத்தை எடுத்தால் என்ன செய்தாலும் ஆட்டம் சூடு பிடிக்காது.

முதலில் புராணமும் காவியமும். சீதையாக நடித்தவர்கள்: பத்மினி (1958), அஞ்சலிதேவி (1963), நயன்தாரா (2011), கீர்த்தி சனோன் (2023). இதை விட நல்ல கார்டு கிடைப்பது கஷ்டம், ஏனென்றால் நயன்தாராவையும் அஞ்சலிதேவியையும் ஒரே மூச்சில் கேட்டவுடன் எல்லோருக்கும் தலை சுற்றும். ராமனை எடுத்தால் என்.டி.ராமாராவ், அவர் மகன் பாலகிருஷ்ணா, பிரபாஸ் என்று ஒரு வரிசை கிடைக்கும். கண்ணகிக்கு கண்ணாம்பா (1942), விஜயகுமாரி (1964). கோவலனுக்கு அதே படங்களில் பி.யு.சின்னப்பா, எஸ்.எஸ்.ராஜேந்திரன். அரிச்சந்திரனுக்கு பி.யு.சின்னப்பா (1944), சிவாஜி (1968). முருகனுக்கு நான் வைத்திருக்கும் கார்டில் இரண்டே பெயர்கள்தான், சிவகுமார், ஸ்ரீதேவி. 'கந்தன் கருணை'யில் சிவகுமார், 'துணைவன்' படத்தில் குழந்தை ஸ்ரீதேவி. ஓர் ஆண், ஒரு பெண், இருவரும் ஒரே பாத்திரம் என்றதும் ஆட்கள் அர்த்தநாரீஸ்வரர் வரைக்கும் போய் வருவார்கள்.

அடுத்து வரலாற்று மனிதர்கள். பாரதியாருக்கு எஸ்.வி.சுப்பையா (1961), சாயாஜி ஷிண்டே (2000). ராஜராஜ சோழனுக்கு சிவாஜி (1973), ஜெயம் ரவி (2022). தெனாலிராமனுக்கு சிவாஜி (1956), வடிவேலு (2014), தெலுங்கையும் சேர்த்தால் நாகேஸ்வர ராவ். காந்திக்கு பென் கிங்ஸ்லி, அன்னு கபூர், நசிருதீன் ஷா, திலீப் பிரபாவல்கர் என்று பெரிய வரிசையே உண்டு. கன்னியாகுமரியில் காந்தி மண்டபத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வேனில் இந்தக் கார்டைப் போட்டேன், பையன்கள் 'ஹே ராம்' படத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது பெயரிலேயே சொல்லிவிட்டார்கள்.

மலையாளம் தெரிந்தவர்கள் இருந்தால் பழசி ராஜா. கொட்டாரக்கரா ஸ்ரீதரன் நாயர் (1964), மம்முட்டி (2009). காயங்குளம் கொச்சுண்ணிக்கு சத்யன், நிவின் பாலி. இவை நாகர்கோவிலுக்குக் கிழக்கே அகஸ்தீஸ்வரம் பக்கத்து ஆட்களுக்குக் கொஞ்சம் கடினம், களியக்காவிளை பக்கத்து ஆட்களுக்கு மூச்சு விடுவது போல.

மூன்றாவது வகை ஒரே கதை மறுபடி மறுபடி எடுக்கப்படுவது. தேவதாஸுக்கு சைகல், நாகேஸ்வர ராவ், திலீப் குமார், ஷாருக் கான். பில்லாவுக்கு ரஜினி, அஜித், பிரபாஸ். கங்கா என்ற பாத்திரத்துக்கு ஷோபனா, சௌந்தர்யா, ஜோதிகா. இந்தக் கங்கா கார்டு நம்ம ஊருக்கே சொந்தமானது, ஏனென்றால் ஷோபனா நடித்த அந்த 1993 மலையாளப் படத்தின் சில பகுதிகளைப் பத்மநாபபுரம் அரண்மனையில்தான் எடுத்தார்கள், அந்த மரத்தூண்களும் இருட்டு நடைபாதையும் எங்கள் தெருவிலிருந்து நடந்துபோகும் தூரம்.

நான்காவது வகை ஆங்கிலப் படங்கள். ஜேம்ஸ் பாண்ட், பேட்மேன், ஸ்பைடர்மேன், ஜோக்கர். பையன்களுக்கு இதெல்லாம் அத்துப்படி, அதனால் இரண்டு மூன்று கார்டுக்கு மேல் வேண்டாம். போட்டால் நல்லதாகப் போடுங்கள். ஜார்ஜ் லேசன்பி ஒரே ஒரு தடவை, 1969ல் மட்டும் பாண்டாக வந்தவர், அவர் பெயரில் ஆரம்பித்தால் சினிமா வெறியர்கள்கூட ஒரு நிமிஷம் திணறுவார்கள். விட்டோ கார்லியோனியும் நல்ல கார்டு. மார்லன் பிராண்டோ, ராபர்ட் டி நீரோ இருவருமே அந்த ஒரே பாத்திரத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர்கள்.

நம்ம ஊர்க்காரர் ஒருவர் இருக்கும் கார்டு கட்டாயம் ஒன்று வேண்டும். ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணனை எல்லோரும் நகைச்சுவை நடிகராகத்தான் நினைக்கிறார்கள், ஆனால் 1941ல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தில் அலிபாபாவே அவர்தான். 1956ல் அதே அலிபாபாவாக எம்.ஜி.ஆர். வந்தார், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் அது. 1980ல் இந்தியில் தர்மேந்திரா. தர்மேந்திரா, எம்.ஜி.ஆர்., என்.எஸ்.கே. என்ற வரிசையில் இந்தக் கார்டைப் போடுங்கள். கடைசிப் பெயர் வரும்போது நாகர்கோவில் ஆட்கள் முகத்தைப் பார்க்க வேண்டும், எனக்கு ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் ஒரு பெருமை வரும்.

இரண்டாவது படி: கார்டு எழுதுவதும் சரிபார்ப்பதும்

பழைய காலண்டர் தாளை நான்காகக் கிழித்தால் பின்பக்கம் கார்டு ஆயிற்று. மேலே விடை, கீழே நடிகர்கள், ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் படமும் வருஷமும். வருஷம் எழுதாமல் விட்டால் பின்னால் வாக்குவாதம் வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. ஒரு கார்டுக்கு மூன்று பெயர் போதும், நான்கு பெயர் இருந்தால் நான்காவதை விடை சொன்ன பிறகு உபரித் தகவலாகச் சொல்லலாம்.

ஒரு தகவலை ஒரே இடத்தில் பார்த்து எழுதாதீர்கள். முடிந்தால் படத்தின் டைட்டிலையே ஓடவிட்டுப் பாருங்கள், பழைய படங்களின் டைட்டிலில் பல சமயம் நடிகர் பெயருக்கு எதிரில் பாத்திரத்தின் பெயரும் இருக்கும். வீட்டில் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் கிடந்தால் அவை தங்கம்.

எனக்கு ஒரு தடவை சந்திரமுகி கார்டில் தவறு நடந்தது. வைஜயந்திமாலா, மாதுரி தீட்சித், ஜோதிகா என்று எழுதிவிட்டேன். முதல் இருவரும் தேவதாஸ் கதையில் வருகிற சந்திரமுகி, ஜோதிகா நடித்தது 2005 படத்தின் சந்திரமுகி, பெயர் மட்டும்தான் ஒன்று, ஆள் வேறு. மைனி (அண்ணிதான்) அதைக் கண்டுபிடித்து, ஆட்டத்தை நிறுத்தி, அந்தப் புள்ளியை ரத்து செய்யும் வரை விடவில்லை. அவர் செய்தது சரி. பெயர் ஒன்றாக இருந்தால் போதாது, கதையில் அதே ஆளாக இருக்க வேண்டும். அன்றிலிருந்து கார்டு எழுதுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர் என்று வைத்துக்கொண்டோம். சரிபார்த்தவர் அந்தக் கார்டு வரும்போது விளையாடக் கூடாது.

மூன்றாவது படி: பெயர்களை எந்த வரிசையில் சொல்வது

இந்த விளையாட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சாயாஜி ஷிண்டே என்ற பெயரை முதலில் சொன்னால் பாரதி கார்டு அங்கேயே முடிந்துவிடும், ஏனென்றால் தமிழில் அவர் பெரும்பாலும் வில்லன், கதாநாயகனாக நினைவில் நிற்பது அந்த ஒரு படம்தான். எஸ்.வி.சுப்பையாவை முதலில் சொன்னால் அவர் நடித்த நூறு அப்பா வேடங்களுக்குள் ஆட்கள் தேடிக்கொண்டிருப்பார்கள். அதிகப் படங்கள் நடித்தவர் முதலில் வரட்டும், அந்தப் பாத்திரத்தோடு ஒட்டிப்போனவர் கடைசியில் வரட்டும். நடுவில் வருபவர் ஆட்களை ஒரு தப்பான பாதையில் கொஞ்ச தூரம் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

இன்னொன்றும் முக்கியம். மூன்று பெயரும் மூன்று தலைமுறைக்குத் தெரிந்தவையாக இருக்கட்டும், கடைசிப் பெயர் வீட்டில் மூத்தவர்களுக்கு உரியதாக இருக்கட்டும். மேலே கேட்ட சகுந்தலை கார்டை (ஆமாம், விடை சகுந்தலைதான்) போன வருஷம் போட்டபோது நடந்ததைச் சொல்கிறேன்.

கே. ஆர். விஜயா என்றேன். பாட்டி யோசிக்கவே இல்லை.

"அம்மனாக்கும். வேற யாரு?"

அம்மன் வேடத்தில் அவரைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண், தப்பே இல்லை. அடுத்து சமந்தா என்றேன். கல்லூரி படிக்கும் தம்பி மகன் குதித்து எழுந்தான், "ஜானு!" என்றான். த்ரிஷா தமிழில் செய்த ஜானுவைத் தெலுங்கில் சமந்தா செய்தது அவனுக்குத் தெரியும், ஆனால் மாமா விடவில்லை.

"லேய், கே.ஆர்.விஜயா எப்பம்டே ஜானுவா நடிச்சாவ?"

இரண்டு அணியும் புள்ளி இழந்து உட்கார்ந்திருந்தபோது எம். எஸ். சுப்புலட்சுமி என்றேன். சுவரில் சாய்ந்திருந்த பாட்டி நிமிர்ந்தார்.

"சகுந்தலையாக்கும் மக்கா. துஷ்யந்தனுக்கு ஜி.என்.பி.யில்லா நடிச்சாரு!"

ஜி.என்.பி. என்றால் பாடகர் ஜி.என்.பாலசுப்பிரமணியம். 1940 படம். பாட்டி பிறப்பதற்கு முன் வந்தது, அவர் அம்மா சொல்லிக் கேட்டதாம். 1965ல் மலையாளத்தில் கே.ஆர்.விஜயாவும் பிரேம் நசீரும் நடித்தது, 2023ல் சமந்தா நடித்தது என்று நான் மீதியைச் சொல்லி முடிப்பதற்குள் தம்பி மகன் போய்ப் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான், அடுத்த பத்துக் கார்டும் அவன் அங்கேயிருந்து நகரவில்லை. பையன்களுக்கு மட்டும் தெரிந்த பெயர்களாக அடுக்கியிருந்தால் பாட்டி அந்நேரம் தூங்கப் போயிருப்பார்.

நான்காவது படி: அணியும் புள்ளியும்

அணிக்கு நான்கு அல்லது ஐந்து பேர். வயசு கலந்திருக்க வேண்டும், மலையாளப் படம் பார்ப்பவர் ஒருவராவது ஒவ்வொரு அணியிலும் இருக்க வேண்டும், இல்லையென்றால் பழசி ராஜா வரும்போது ஒரு பக்கம் மட்டும் கை தூக்கும். போன் எல்லாம் ஒரு கூடையில்.

முதல் பெயரிலேயே சொன்னால் 5 புள்ளி, இரண்டாவதில் 3, மூன்றாவதில் 1. ஒவ்வொரு பெயருக்கும் முப்பது விநாடி. தப்பாகச் சொன்னால் அந்த அணிக்கு 1 புள்ளி குறையும், அடுத்த பெயர் வரும்வரை வாய் திறக்கக் கூடாது. இந்தத் தண்டனை இல்லாவிட்டால் முதல் பெயரிலேயே வாயில் வந்ததையெல்லாம் அள்ளி வீசுவார்கள். ஒரு கார்டுக்கு மூன்று நிமிஷம் ஆகும் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு இருபது கார்டு சரியாக இருக்கும். பாதி ஆட்டத்தில் ஒரு இடைவெளி விடுங்கள், கட்டன் சாயாவும் ஏத்தங்காய் உப்பேரியும் வரட்டும்.

ஐந்தாவது படி: கண்டுபிடிப்பது எப்படி

இதுவரை நடத்துபவருக்குச் சொன்னேன், இது விளையாடுபவருக்கு.

முதல் பெயர் வந்ததும் விடை தேடாதீர்கள், அந்த நடிகர் யார் யாராக வந்திருக்கிறார் என்று நான்கைந்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பெயர் வந்ததும் இருவருக்கும் நடுவில் எத்தனை வருஷ இடைவெளி, என்ன மொழி என்று மட்டும் பாருங்கள். இடைவெளி நாற்பது ஐம்பது வருஷம் என்றால் அது அநேகமாகப் புராணம், சரித்திரம், அல்லது பழங்கதை. சிவாஜி, வடிவேலு என்று கேட்டதும் இது தெரிந்துவிட வேண்டும். இருவரும் ஒரே காலத்தவர், மொழி மட்டும் வேறு என்றால் ரீமேக். ஷோபனாவும் சௌந்தர்யாவும் அப்படி. ஒருவர் வயதானவர், இன்னொருவர் சின்ன வயசு, படமும் ஒன்றுதான் என்றால் பிளாஷ்பேக். விஜய் சேதுபதியும் ஆதித்யா பாஸ்கரும் சேர்ந்தால் '96' ராம், ஐஸ்வர்யா ராயும் சாரா அர்ஜுனும் சேர்ந்தால் 'பொன்னியின் செல்வன்' நந்தினி. எல்லாம் ஆங்கிலப் பெயர் என்றால் உளவாளி, துப்பறிவாளர், சூப்பர் ஹீரோ மூன்றையும் முதலில் தட்டிப் பாருங்கள்.

பெயர்களில் ஒன்று பொருந்தாமல் உறுத்தும், அதைப் பிடியுங்கள். பத்மினி, அஞ்சலிதேவி, நயன்தாரா என்ற வரிசையில் உறுத்துவது நயன்தாரா. அவர் புராண வேடம் போட்ட படங்களை விரல் விட்டு எண்ணலாம், ஒன்று சீதை, இன்னொன்று அம்மன். அம்மனைப் பத்மினியோடு ஒட்டிப் பார்த்துச் சரிவரவில்லை என்றால் சீதைதான். நிறைய நடித்தவரிடம் போய்த் தேடினால் நேரம்தான் போகும்.

அப்புறம், அணிக்குள் பேசுங்கள். வாய்விட்டு "சௌந்தர்யா கடைசியா என்ன கன்னடப் படம் பண்ணாங்க" என்று கேட்டால் பக்கத்திலிருப்பவருக்குச் சட்டென்று ஞாபகம் வரும். தனியாக யோசித்து ஜெயித்தவர்களை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ஆறாவது படி: சண்டை வரும் இடங்கள்

பெயர் மாறிய ரீமேக். 'த்ரிஷ்யம்' கதையில் ஜார்ஜ்குட்டியாக மோகன்லால், சுயம்புலிங்கமாகக் கமல், ராம்பாபுவாக வெங்கடேஷ். மூவரும் ஒரே பாத்திரமா? கதையும் ஆளும் ஒன்றுதான், பெயர்தான் வேறு. நாங்கள் இதை ஏற்கிறோம், ஆனால் கார்டைப் படிக்கும்போதே "பெயர் மாறும்" என்று சொல்லிவிட வேண்டும், எந்தப் பெயரைச் சொன்னாலும் சரி.

தெய்வங்கள். ரம்யா கிருஷ்ணன் அம்மனாக வந்திருக்கிறார், நாகர்கோவிலில் நடக்கும் கதையில் நயன்தாரா மூக்குத்தி அம்மனாக வந்திருக்கிறார். எல்லா அம்மனும் ஒன்றா என்று கேட்டால், கன்னியாகுமரி பகவதியையும் மண்டைக்காட்டு அம்மனையும் தனித்தனியாகக் கும்பிடுகிற ஊரில் அந்த விவாதம் விடியும்வரை போகும். எங்கள் தீர்ப்பு: கோயிலும் பெயரும் வேறென்றால் பாத்திரமும் வேறு. முருகன், ராமன், கிருஷ்ணன் போலக் கதை ஒன்றாக இருப்பவர்களை மட்டும் கார்டில் எழுதுங்கள்.

சீரியலும் மேடையும். சீரியல் கணக்கில் இல்லை, சேர்த்தால் கிருஷ்ணனுக்கு மட்டும் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். மேடை நாடகத்தை உபரிப் புள்ளிக்கு மட்டும் வைத்திருக்கிறோம். ஔவையார் அதற்கு நல்ல உதாரணம். திரையில் கே.பி.சுந்தராம்பாள், மேடையில் டி.கே.சண்முகம், அந்த வேடத்தால்தான் அவருக்கு ஔவை சண்முகம் என்றே பெயர் வந்தது. நம்ம முப்பந்தல் பக்கத்தில் ஔவைக்குக் கோயிலே இருப்பதால் இந்த உபரிக் கேள்விக்குப் பெரியவர்கள் கை தூக்கிக்கொண்டேயிருப்பார்கள்.

பின்னணிக் குரல் கொடுத்தவர் நடிகர் கணக்கில் வரமாட்டார். இதில் பேச ஒன்றுமில்லை.

கடைசிச் சுற்று: தலைகீழாக

இருபது கார்டும் முடிந்து இன்னும் யாருக்கும் எழுந்து போக மனசில்லை என்றால் தலைகீழாகத் திருப்புங்கள். பாத்திரங்களை நீங்கள் சொல்லுங்கள், நடிகரை அவர்கள் கண்டுபிடிக்கட்டும். கர்ணன், துரியோதனன், கிருஷ்ணன், மூன்றும் ஒரே படத்தில், ஒரே ஆள். 1977, தெலுங்கு. விடை என்.டி.ராமாராவ். அடுத்தது நாரதர், வித்யாபதி, ஒரே படத்தில் ஒரே ஆள், 1966. இதற்கு விடை நான் சொல்லப் போவதில்லை, வீட்டில் சிவாஜி படம் பார்த்து வளர்ந்த யாரிடமாவது கேளுங்கள்.